ஆறு கஜம், எட்டு கஜம், பத்து கஜம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பேருந்து மண்டகப்பட்டு நிறுத்தத்தில் நின்றது. மணிலாக் கொட்டை மூட்டையை ஏற்றுவதற்குத் தனி டிக்கெட்டா இல்லையா என்று ஒரு பாட்டி கண்டக்டரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். சாலையோரத்துக் காலி நிலத்தில் பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தொண்டை கிழிய, "மேன் ஆன்! மேன் ஆன்!" என்று கத்தினாள். பந்தை வைத்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே தட்டில் பக்கத்திலிருந்தவளுக்குத் தள்ளிவிட்டு விலகிப் போனாள். பின்னாலிருந்து பாய்ந்து வந்த பெண், இல்லாத பந்தை உதைத்துத் தடுமாறினாள்.

"பொண்ணுங்க ஆடற எடத்துல மேன் எங்க இருந்து வந்தான்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். பின்னால் எதிராளி நெருங்கிவிட்டாள், திரும்பாதே, உடனே பாஸ் கொடு என்று அதற்கு அர்த்தம். அவருக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாட்டியின் மூட்டை ஏறி, வண்டியும் கிளம்பிவிட்டது. ஆனால் செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்வரை அந்தக் குரல் காதிலேயே இருந்தது. அந்த இரண்டு சொற்களை நான் கற்றுக்கொண்டதும் இதே வட்டாரத்தில்தான்.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். சுற்றுவட்டாரம் முழுக்கக் கபடி. பொங்கலுக்கு ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். கொஞ்சம் வசதியான ஊரில் வாலிபால். கால்பந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை டிவியில் வந்து போவது. அப்படியிருக்க, ஒரு வருடம் குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் கால்பந்து அணியும் அனுப்பியாக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் அப்போது காலி. பெண் பிள்ளைகளோடு போய்வர ஒரு டீச்சர் வேண்டும். ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விடைத்தாள் கட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டார்கள். நான் குனிவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

பாடக்குறிப்பு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து சொற்களை எழுத ஆரம்பித்தேன். கார்னர், த்ரோ இன், கோல் கிக், ஃப்ரீ கிக், டைரக்ட், இன்டைரக்ட், ஆஃப்சைடு. விதிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மொத்தம் 17 விதிகள். படித்தால் புரிந்தது; மைதானத்தில் போய் நின்றால் ஒன்றும் புரியவில்லை. வாய்ப்பாடு தெரிந்தவனுக்குச் சந்தையில் கணக்கு வராத நிலைதான். பிள்ளைகள் பந்து போன பக்கமெல்லாம் கூட்டமாக ஓடினார்கள். அவர்களை நிறுத்தி என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு என்னிடம் சொல் இல்லை.

எங்கள் பள்ளி எழுத்தர் தன் பெரியப்பாவை ஒருநாள் சைக்கிளில் அழைத்து வந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் பெரிய ஜங்ஷன். ரயில்வேக்காரர்கள் இருந்த இடத்தில் கால்பந்தும் இருந்தது. இளவயதில் வெறுங்காலோடு ஆடியவர். பூட்ஸ் போட்ட காலைவிட வெறுங்காலுக்குத்தான் பந்து சொன்னபடி கேட்கும் என்பது கடைசிவரை அவருடைய வாதம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள் என்பார். அடுத்த ஒலிம்பிக்கில், 1952-இல் ஹெல்சிங்கியில், யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கியதை நான் எடுத்துச் சொன்னால் வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விடுவார்.

மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் உட்கார்ந்து பதினொரு புளியங்கொட்டைகளை மண்ணில் அடுக்கினார். "இது கோலி. இது ரெண்டும் புல் பேக். இது மூணும் ஹாஃப் பேக். முன்னாடி அஞ்சு. பாரு டீச்சரம்மா, ரைட் அவுட், இன்சைட் ரைட், சென்டர் ஃபார்வர்டு, இன்சைட் லெஃப்ட், லெஃப்ட் அவுட்." அந்தக் காலத்து 2-3-5 வரிசை. கோலியில் தொடங்கி வலமிருந்து இடமாக எண்ணிக்கொண்டே போனார். 2, 3 புல் பேக். 4, 5, 6 ஹாஃப் பேக். 7 முதல் 11 வரை முன்வரிசை. 9 என்றால் கோல் அடிக்கிறவர், 7-உம் 11-உம் ஓரத்தில் ஓடுகிறவர்கள் என்று இன்றும் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பழைய வரிசைதான்.

"அப்படின்னா அஞ்சாம் நம்பர்காரர் ஏங்கய்யா இப்போ கடைசியில நிக்கிறாரு?" என்று கேட்டேன். கணக்கு டீச்சருக்கு எண்கள் வரிசை தப்பினால் தூக்கம் வராது. அவர் நடுவிலிருந்த கொட்டையை எடுத்து இரண்டு புல் பேக்குகளுக்கு நடுவே வைத்தார். காரணம் ஆஃப்சைடு விதி. பந்து முன்னால் அடிக்கப்படும்போது, அதை வாங்கப் போகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றுதான் முன்பு விதி. 1925-இல் அதை இரண்டு பேர் என்று குறைத்தார்கள். கோல்கள் கொட்ட ஆரம்பித்தன. தடுப்பதற்கு ஆள் போதாமல் நடு ஹாஃப் பேக்கைப் பின்னால் இழுத்தார்கள். லண்டன் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் அந்த ஏற்பாட்டை வைத்துப் பெரும் வெற்றி கண்டார். 'ஸ்டாப்பர்' என்று நம்மூர் ஆட்டக்காரர்கள் சொல்கிற ஆள் பிறந்தது அப்படித்தான். ஒரு விதி மாறியது, ஒரு கொட்டை நகர்ந்தது, ஒரு புதுப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு நோட்டில் ஒரு சொல்லை எழுதும்போது, அது எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே குறைந்துவிட்டது.

நடுநடுவே கதைகள். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அடித்த கோலைச் சொல்லும்போது ஐயா எழுந்து நின்றுவிடுவார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுதான். பிறகு அவர் பயிற்சியாளராகி, 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். "டீச்சருக்கு ஃபுட்பாலா?" என்று யாரோ கேலி பேசியதை ஒருநாள் சொன்னபோது ஐயா சொன்ன பதில் எனக்குப் பல வருடம் துணையாக இருந்தது: "ரஹீம் சாகிப் யாரு தெரியுமா? அவரும் வாத்தியார்தாம்மா." ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இந்த உயரமெல்லாம் இந்தியக் கால்பந்து அவர் பயிற்சியில் எட்டியவை.

கோடு போடும் நாள் வந்தது. சுண்ணாம்புத் தூள், சணல் கயிறு, ஓட்டை போட்ட பால் டின். விதிப் புத்தகத்தில் இருந்த அளவுகளைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. நடுவட்டத்தின் ஆரம் 9.15. பெனால்டி பெட்டி 16.5. எந்தப் புண்ணியவான் இப்படி அளவு வைத்தான்? ஐயா சிரித்தார். "மீட்டர்ல பாக்காதம்மா. கஜத்துல பாரு." பார்த்தால் எல்லாம் முழு எண்கள். கோல் 8 கஜம் அகலம், 8 அடி உயரம். வட்டம் 10 கஜம். சின்னப் பெட்டி 6 கஜம், பெனால்டி புள்ளி 12, பெரிய பெட்டி 18. "எய்ட்டீன் யார்டு" என்று பழைய ஆட்டக்காரர்கள் பெட்டியையே அழைப்பது இதனால்தான்.

பெட்டிக்கு வெளியே பிறைபோல ஒரு வளைவு இருக்குமே, 'டி' என்பார்கள். அது எதற்கு என்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் பெட்டிக்கு வெளியே நின்றால் மட்டும் போதாது, பந்திலிருந்து 10 கஜம் தள்ளியும் நிற்க வேண்டும். புள்ளியிலிருந்து பெட்டி விளிம்பு 6 கஜம்தான். மீதித் தூரத்தைக் காட்டத்தான் அந்த வளைவு. 1937-இல்தான் அது மைதானத்தில் சேர்ந்தது. புள்ளியில் முளைக்குச்சி அடித்து, பத்து கஜக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தோம். கயிறு பெட்டிக் கோட்டைத் தொட்ட இடத்தில் எனக்குச் சட்டென்று ஒன்று தட்டியது. "இந்த இடம் நடுவிலிருந்து எத்தனை கஜம்? அளக்காம சொல்லுங்க பாக்கலாம்."

பிள்ளைகள் மண்ணிலேயே கணக்குப் போட்டார்கள். கயிறு 10. புள்ளியிலிருந்து விளிம்பு 6. நூறில் முப்பத்தாறு போக அறுபத்து நான்கு. அதன் மூலம் எட்டு. பிறகு அளந்து பார்த்தோம். எட்டேதான். பாடப்புத்தகத்தில் 3, 4, 5 என்று வரும் பிதாகரஸ் முக்கோணம், இரட்டிப்பாகி, கால்பந்து மைதானத்தில் படுத்திருக்கிறது. இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஆக, 'டி'யின் அகலம் சரியாக இரண்டு கோல் அகலம். விதியை எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, அன்றைக்குப் பிறகு என் அணியில் ஒருவருக்கும் பெனால்டி விதி மறக்கவில்லை. பிதாகரஸும் மறக்கவில்லை.

அந்த வயதுப் பிள்ளைகள் எதையும் தங்கள் ஊரோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மண்டகப்பட்டுக் குடைவரையை அவர்கள் எல்லோருக்கும் காட்டியிருப்பார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட இடம். "நம்மகிட்டயும் வலை இல்ல, கொடி இல்ல, பூட்ஸ் இல்ல. கல்லுல எழுதி வெச்சிடலாமா டீச்சர்?" என்றாள் எங்கள் கோலி. கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கழி நட்டிருந்தோம். குறுக்குக் கழிக்குப் பதில் கயிறு.

ஆஃப்சைடுதான் மலையாக நின்றது. பந்து வந்து சேரும் கணத்தைப் பார்க்கக் கூடாது, தோழி அதை அடிக்கும் கணத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏறவே இல்லை. த்ரோ இன்னிலும் கார்னரிலும் கோல் கிக்கிலும் அந்த விதி இல்லை என்றால் இன்னும் குழப்பம். எங்கள் முன்வரிசையில் ஒரு பெண், ஓட்டத்தில் மின்னல். பந்து கிளம்பும் முன்பே எதிரணிக் கோலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஒருநாள் பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏய் தேசிங்கு! திரும்பி வாடி!" நவாபின் பெரும்படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்துப் போய் 1714-இல் மாண்ட செஞ்சி ராஜா தேசிங்கின் கதை இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் அணியில் ஆஃப்சைடு எச்சரிக்கைக்கு 'தேசிங்கு' என்றுதான் பெயர். விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு கத்தலில் முடிந்தது. எதிரணிக்குப் புரியாது என்பது கூடுதல் லாபம்.

பிறகு பயிற்சியாளர்களுக்கான முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கே வேறு அகராதி. ஹாஃப் பேக் என்றால் இளைய பயிற்றுநர்கள் சிரித்தார்கள். மிட்ஃபீல்டர் என்று சொல்ல வேண்டும். பிரஸ்ஸிங், கவர், பேலன்ஸ், கம்பாக்ட், டிரான்ஸிஷன் என்று நோட்டு நிறைந்தது. பந்து வைத்திருப்பவரை நெருங்குகிற முதல் ஆள், அவருக்குப் பின்னால் துணை நிற்கிற இரண்டாம் ஆள், மறுபக்கத்தைக் காக்கிற மூன்றாம் ஆள் என்று அவர்கள் பிரித்துக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் பிடித்தது. ஆட்டத்தின் நடுவே விசில் அடித்து "ஃப்ரீஸ்" என்பார்கள். அவரவர் நின்ற இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும். பயிற்றுநர் நடந்து வந்து, "இப்போ உனக்குப் பின்னாடி யார் இருக்காங்க?" என்று ஒருவரிடம் மட்டும் கேட்பார். சொல்லை விளக்கவே மாட்டார். நின்ற இடத்தைக் காட்டுவார், ஆள் ஓரடி நகர்வார், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து ஐயாவிடம் நோட்டைக் காட்டினேன். "கவர்னா இன்னா? புல் பேக் ஒருத்தன் ஏறுனா இன்னொருத்தன் பின்னாடி நிப்பான். அதெல்லாம் நாங்க அப்பவே செஞ்சதுதான்" என்றார். ஒன்றை மட்டும் அவர் அப்போது ஏற்கவில்லை. 1990 உலகக் கோப்பையில் அணிகள் தங்கள் கோலியிடமே பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து நேரத்தைக் கடத்தின. அதனால் 1992-இல் புது விதி வந்தது: சொந்த அணியினர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கோலி கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். "கோலி கையால எடுக்கக் கூடாதுன்னா அவன் எதுக்குக் கோலி?" என்று ஐயா முணுமுணுத்தார்.

மரத்தடிச் சொற்கள் ஒரு பக்கம், முகாம் சொற்கள் இன்னொரு பக்கம், பிள்ளைகளின் 'தேசிங்கு' நடுவில். எல்லாவற்றையும் மைதானத்தில் கத்த முடியாது. அப்போதுதான் நோட்டில் சிவப்பு மையால் அடிக்க ஆரம்பித்தேன். எந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பெண்ணின் கால் நகர்கிறதோ அது இருக்கட்டும், மற்றது போகட்டும். 'டிரான்ஸிஷன்' போயிற்று. பந்து பறிபோன அடுத்த நொடி எல்லோரும் திரும்பி ஓட வேண்டும் என்பதற்கு 'ரிட்டன்' என்றோம். "பின்னாடி ஆளு வருதுடி" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் வந்து பந்தையும் கொண்டு போய்விடும். ஆகவே 'மேன் ஆன்' நிலைத்தது. பின்னால் யாரும் இல்லையென்றால் 'டர்ன்'. நிதானமாக ஆடலாம் என்றால் 'டைம்'. ஒரு காரியத்துக்கு ஒரே சொல், அதையும் நான் ஒருபோதும் மாற்றக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

குறுவட்டப் போட்டி செஞ்சியில் நடந்தது. மைதானத்திலிருந்து பார்த்தால் ராஜகிரி மலை தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் சுடிதார் பேன்ட்டோடு ஆடினார்கள். அரைக்கால் சட்டை போட வீட்டில் விடவில்லை. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நின்றார். இரண்டாம் பாதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரி பந்தைத் தன் கோலியிடம் தட்டினாள். கோலி குனிந்து அள்ளிக்கொண்டாள். எங்கள் கேப்டன் கையைத் தூக்கி, "பேக் பாஸ் சார்!" என்றாள். நடுவர் விசில் அடித்து ஒரு கையை மேலே உயர்த்தினார். கை உயர்ந்தால் இன்டைரக்ட். நேராக அடித்தால் கோல் இல்லை, இன்னொருவர் தொட வேண்டும். எதிரணியினர் என்ன நடந்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், கேப்டன் பந்தைச் சின்னதாக உருட்டினாள். எங்கள் தேசிங்கு ஓடிவந்து அடித்தாள். கோல். ஐயா என் பக்கம் திரும்பி, "அந்தச் சட்டம் நல்ல சட்டம்தாம்மா" என்றார். அடுத்த ஆட்டத்தில் தோற்று வெளியேறினோம். ஆனால் திரும்பி வந்த வண்டியில் பேச்சு முழுக்க அந்த ஒரு கோல்தான்.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. வெயிலில் ஆடினால் பெண் கறுத்துப்போகும், யார் கட்டுவார்கள் என்று பள்ளி வாசலில் வந்து நின்ற அம்மாக்களின் பேத்திகள் இன்று அரைக்கால் சட்டையோடு ஆடுகிறார்கள். பக்கத்துக் கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அரசுக் காப்பகத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகளுக்குப் பந்து கொடுத்து ஆடவைத்தார். கடலூர் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். தேசிய சீனியர் பெண்கள் போட்டியில் தமிழ்நாடு 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களும் 2-1. பயிற்சியாளர்களுக்கும் டி, சி, பி, ஏ, புரோ என்று உரிமப் படிகள் வந்துவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் ஃபால்ஸ் நைன், டிக்கி டாக்கா என்று எட்டாம் வகுப்புப் பையன் பாடம் எடுக்கிறான். எங்களுக்குச் சொல் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இவர்களுக்குச் சொற்களில் வேண்டாததைக் கழிப்பது கஷ்டம்.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் தடவை மைதானத்துக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு, குறிப்பாக வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு இதில் மாட்டிக்கொண்ட டீச்சர்களுக்கு, ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் முன் நிற்காதீர்கள். கயிற்றையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போய், அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். ஊரில் எப்போதோ பந்து ஆடிய பெரியவர் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். தேடிப்பிடித்து மரத்தடியில் உட்காரவையுங்கள். முகாம்களுக்கும் போங்கள், புது விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் முதல் பருவத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றாவது உங்கள் பிள்ளைகளே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.